பன்னிரண்டு வரிகளில் இல்லாத ஆடம்ஸ்

தரவுத்தளம் படித்தவர்கள் பலருக்கும் ஐந்து பேரைத் தெரிந்திருக்கும்: லண்டனின் ஸ்மித், பாரிஸின் ஜோன்ஸ், அதே பாரிஸின் பிளேக், மீண்டும் லண்டனிலிருந்து கிளார்க், ஏதென்ஸ் நகரத்து ஆடம்ஸ். இவர்கள் கற்பனை மனிதர்கள். 1975இல் முதல் பதிப்பு கண்டு, பின்னர் எட்டாம் பதிப்புவரை வளர்ந்த கிறிஸ் டேட்டின் தரவுத்தளப் பாடநூல் இவர்களை உலகம் முழுக்க வகுப்பறைகளுக்குக் கொண்டுபோனது. ஐந்து பேரும் இயந்திர உதிரிபாகங்களை அனுப்பும் வழங்குநர்கள்.

மூன்று அட்டவணைகள். முதலாவதில் வழங்குநர்களின் எண், பெயர், ஊர். இரண்டாவதில் பாகங்கள்: நட்டு, போல்ட்டு, இரண்டு நிறங்களில் திருகு, கேம், பல்சக்கரம் என ஆறு. மூன்றாவது அட்டவணை இந்த இரண்டையும் கோக்கிறது: யார், எதை, எத்தனை அனுப்பினார் என்ற அனுப்புகைப் பதிவு. அதில் 12 வரிகள். ஸ்மித் ஆறு பாகங்களையும் அனுப்புகிறார். ஜோன்ஸ் நட்டும் போல்ட்டும் அனுப்புகிறார். பிளேக்கிடமிருந்து வருவது போல்ட்டு மட்டும். கிளார்க் போல்ட்டு, சிவப்புத் திருகு, கேம் மூன்றையும் அனுப்புகிறார். ஆடம்ஸின் பெயர் முதல் அட்டவணையில் இருக்கிறது. அனுப்புகைப் பதிவின் 12 வரிகளில் ஒன்றில்கூட அவர் எண் இல்லை. இந்தச் சின்னஞ்சிறு தரவுக்கு உயிர் கொடுப்பவர் அவர்தான் என்று நினைக்கிறேன். அவர் இல்லாவிட்டால் இதில் கேட்கத் தகுந்த பாதிக் கேள்விகள் இல்லாமல் போயிருக்கும்.

ஓர் எளிய கேள்வி கேட்போம். போல்ட்டு அனுப்பாதவர் யார்?

தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் எஸ்கியூஎல் மொழியைப் புதிதாகக் கற்றவர் கை தானாக ஒரு வழியில் போகும். அனுப்புகைப் பதிவை எடு. பாகம் போல்ட்டுக்குச் சமமல்லாத வரிகளை மட்டும் வை. அந்த வரிகளில் உள்ள வழங்குநர்களைச் சொல். படிக்கும்போது கேள்வியை அப்படியே எழுதியதுபோல் தோன்றுகிறது. கிடைக்கும் விடை: ஸ்மித், ஜோன்ஸ், கிளார்க்.

மூவருமே போல்ட்டு அனுப்புகிறவர்கள். உண்மையில் போல்ட்டு அனுப்பாத ஒரே ஆள் ஆடம்ஸ். அவர் பெயர் விடையில் இல்லை. தவறு ஓரத்தில் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. வந்த பெயர்கள் அத்தனையும் பிழை. வரவேண்டிய பெயர் மட்டும் வரவில்லை. கணினி எந்த எச்சரிக்கையும் தருவதில்லை, ஏனென்றால் கேட்கப்பட்ட கேள்விக்கு அது சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறது. நாம் கேட்டது “போல்ட்டு அல்லாத ஏதோ ஒன்றை அனுப்பியவர் யார்?” என்பதை. ஸ்மித் நட்டு அனுப்பியிருக்கிறார், ஆகவே தேறிவிட்டார். அவருடைய போல்ட்டு வரி வேறெங்கோ கிடக்கிறது. நட்டு வரியைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிபந்தனைக்கு அது தெரியவே தெரியாது.

தரவுத்தளத்தில் ஒரு நிபந்தனை ஒரு நேரத்தில் ஒரு வரியைத்தான் பார்க்கும். “இந்த வரியில் போல்ட்டு இருக்கிறதா?” என்பதற்கு அந்த வரியே விடை. “இவர் போல்ட்டு அனுப்பவில்லையா?” என்பதற்கு எந்த ஒரு வரியும் விடையாக முடியாது. அனுப்பாமையை யாரும் பதிந்து வைப்பதில்லை. தடுப்பூசி போடாத குழந்தைக்குத் தடுப்பூசிப் பதிவேட்டில் வரி கிடையாது. தவணை கட்டாதவருக்கு வரவுப் பதிவில் வரி கிடையாது. ‘இருக்கிறது’ என்பது ஒரு வரியைப் பற்றிய செய்தி; ‘இல்லை’ என்பது அட்டவணை முழுவதையும் பற்றிய செய்தி. இந்தக் கட்டுரையில் இனி வரும் விநோதங்கள் எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன.

அப்படியானால் ‘இல்லை’யை எங்கிருந்து எடுப்பது? இரண்டு பட்டியல்கள் வேண்டும். இருக்கக்கூடியவர்கள் எல்லாரும் ஒன்றில், இருப்பவர்கள் மற்றொன்றில். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவது விடை. ஐந்து வழங்குநர்களின் பட்டியல் இல்லாமல், அனுப்புகைப் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்கத் தேடினாலும் ஆடம்ஸ் கிடைக்கமாட்டார். அந்த 12 வரிகளில் இல்லாதவர்கள் என்று கேட்டால் ஆடம்ஸும் வருவார், நீங்களும் வருவீர்கள், இன்னும் பிறக்காதவர்களும் வருவார்கள். எல்லையற்ற அந்தக் கூட்டத்தை அச்சிட எந்தக் கணினியாலும் முடியாது.

இதை முதலில் கணிதமாக்கியவர் எட்கர் காட். 1923இல் இங்கிலாந்தின் போர்ட்லண்ட் தீவில் பிறந்தவர்; இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் விமானியாக இருந்தார். பிறகு ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹொசே ஆய்வகத்தில் பணிபுரிந்தபோது, 1970 ஜூன் மாதம் ‘கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். தரவைக் கிளைகளாகவும் சங்கிலிகளாகவும் பின்னி, நிரலாளர் ஒவ்வொரு கண்ணியாகப் பிடித்து நடந்துபோன காலம் அது. காட், எல்லாவற்றையும் வெறும் அட்டவணைகளாக, கணிதம் அறிந்த கணங்களாக வைத்துக்கொள்ளலாம் என்றார். இரண்டு ஆண்டுகளில் அந்தக் கணங்களின் மேல் செய்யக்கூடிய செயல்களையும் வரையறுத்தார்: வடிகட்டுதல், நிரல்களைத் தேர்தல், இணைத்தல், ஒன்றாக்கல், கழித்தல். ‘இல்லை’ என்று கேட்கும் கேள்வியிலுள்ள மாறி எதுவரை ஓடலாம் என்பதை ஓர் அட்டவணைக்குள் கட்டிப்போடவேண்டும் என்ற ஒழுங்கும் அவருடைய முறையில் இருந்தது. எல்லையின்மைச் சிக்கலை அது அடியோடு தீர்த்தது.

அந்தச் செயல்களில் கழித்தல் மட்டும் தனிச் சாதி. மற்ற நான்கையும் எப்படிக் கலந்து எழுதினாலும் ஒரு குணம் மாறாது: அட்டவணையில் புதிய வரி சேர்ந்தால் விடையில் ஏதாவது கூடலாம், இருந்தது ஒருபோதும் போகாது. போல்ட்டு அனுப்பியவர் பட்டியலில் நேற்று இருந்தவர், இன்று ஆயிரம் புதிய வரிகள் வந்தபிறகும் இருப்பார். கழித்தலில் இது தலைகீழ். ஆடம்ஸ் நாளைக்கு ஒரே ஒரு போல்ட்டு அனுப்பினால், ‘அனுப்பாதவர்’ பட்டியலிலிருந்து அவர் மறைந்துவிடுவார். தரவு வளர விடை சுருங்குகிறது. இதனாலேயே, வடிகட்டலையும் இணைப்பையும் எவ்வளவு சாமர்த்தியமாக அடுக்கினாலும் கழித்தலை அவற்றால் உண்டாக்க முடியாது என்பதற்கு நான்கே வரியில் நிரூபணம் எழுதிவிடலாம்: வளர மட்டுமே தெரிந்தவற்றைச் சேர்த்தால் வருவதும் வளர மட்டுமே செய்யும். புதியவரின் அந்த முதல் வினவல் தோற்றது அவர் கவனக்குறைவால் அல்ல. அவர் எடுத்த கருவிகளுக்குள் விடையே இல்லை.

காட்டின் தர்க்கக் குறியீடுகளைக் கணிதம் பயிலாதவர்களும் கையாளும்படி ஆக்க, அதே சான் ஹொசே ஆய்வகத்தில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் ஒரு மொழியை வெளியிட்டார்கள். ‘சீக்வல்’ என்பது முதல் பெயர். அந்தப் பெயருக்கு பிரிட்டிஷ் விமானக் கம்பெனி ஒன்று உரிமை வைத்திருந்ததால் எஸ்கியூஎல் ஆனது. பாய்ஸ் அதே 1974இல், இளம் வயதில், மூளை ரத்தக்குழாய் வெடித்து இறந்துபோனார். தன் மொழி 1986இல் அமெரிக்கத் தர நிர்ணயமாக ஏற்கப்பட்டதை அவர் பார்க்கவில்லை.

இந்த மொழியில் கழித்தலை எழுத மூன்று வழிகள் பெருவழக்கு. ‘நாட் இன்’: இவர் எண் அந்தப் பட்டியலில் இல்லை. ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’: இவர் எண்ணோடு ஒத்த வரி அங்கே ஒன்றுகூட இல்லை. மூன்றாவது ‘லெஃப்ட் ஜாயின்’: எல்லா வழங்குநர்களையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் அவர் அனுப்புகையை ஒட்டிப்பார், ஒட்ட எதுவும் கிடைக்காதவர் பக்கம் வெறுமையாக நிற்கும், அந்த வெறுமையானவர்களை மட்டும் எடு. இந்த மூன்றாவதில் ஒரு பள்ளம் உண்டு. போல்ட்டு என்ற நிபந்தனையை இணைக்கும் இடத்திலேயே சொல்லவேண்டும். இணைத்து முடித்தபின் வடிகட்டும் இடத்தில் சொன்னால், வெறுமையாக நிற்கும் வரிகள்தான் முதலில் வெளியே போகும். நாம் தேடிவந்ததே அவற்றைத்தான்.

மூன்றும் ஒரே விடையைத் தரும் என்றுதான் எதிர்பார்ப்போம். டேட்டின் தரவில் தருகின்றன. ஆனால் உலகம் பாடநூல்போல் நிரப்பப்பட்டிருப்பதில்லை. படிவத்தில் கட்டம் காலியாக விடப்படுகிறது, ஒரு எண் அழிந்துபோகிறது, யாரிடமிருந்து வந்தது என்று தெரியாத பெட்டி கிடங்கில் கிடக்கிறது. இந்தக் காலியிடத்துக்கு எஸ்கியூஎல் வைத்த பெயர் ‘நல்’. நாம் வெற்றுக்குறி என்று சொல்லிக்கொள்வோம். அது பூஜ்யமும் அல்ல, எழுத்தில்லாத சொல்லும் அல்ல; இங்கே ஒரு மதிப்பு இருக்கவேண்டும், என்னவென்று தெரியாது என்ற அறிவிப்பு.

தெரியாததை ஏதோ ஒன்றோடு ஒப்பிட்டால் என்ன விடை? ஆம் என்றும் சொல்லமுடியாது, இல்லை என்றும் சொல்லமுடியாது. ஆகவே மூன்றாவது மெய்ம்மதிப்பு ஒன்று தேவைப்பட்டது. போலந்தின் யான் வுகாசியேவிச் 1920இலேயே மூன்று மதிப்புத் தர்க்கத்தை வெளியிட்டிருந்தார். 1938இல் அமெரிக்கரான ஸ்டீபன் க்ளீனி, முடியாமலே ஓடிக்கொண்டிருக்கக்கூடிய கணக்கீடுகளைப் பற்றிச் சிந்திக்கும்போது தனக்கான மூன்று மதிப்பு அட்டவணையை அமைத்தார். காட் தன் மாதிரிக்குள் இதை முறையாகக் கொண்டுவந்தது 1979 கட்டுரையில். விதிகள் எளியவை. ‘மெய் மற்றும் தெரியாது’ என்றால் தெரியாது. ‘பொய் மற்றும் தெரியாது’ என்றால் பொய். மற்றது என்னவாக இருந்தாலும் மொத்தம் பொய்தானே. ‘மெய் அல்லது தெரியாது’ என்றால் மெய். தெரியாததை மறுத்தால் அதுவும் தெரியாது. வடிகட்டும் இடத்தில் உள்ளே விடப்படுவது மெய் மட்டும்; பொய்யும் தெரியாததும் ஒருசேர வெளியே.

இப்போது 13ஆவது வரி ஒன்றைச் சேர்ப்போம். நட்டு வந்திருக்கிறது, அனுப்பியவர் எண் காலி. (டேட்டின் அட்டவணை இதை அனுமதிக்காது, வழங்குநர் எண் அங்கே முதன்மைச் சாவியின் ஒரு பகுதி. சோதனைக்காக அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்திக்கொள்கிறோம்.) கேள்வி: எதையுமே அனுப்பாத வழங்குநர் யார்?

‘நாட் இன்’ வழியாகப் போகலாம். ஆடம்ஸ் 5ஆம் எண்காரர். 5 என்பது 1க்குச் சமமல்ல, மெய். 2க்குச் சமமல்ல, மெய். 3, 4 அப்படியே. கடைசியில் வெற்றுக்குறி. 5 அதற்குச் சமமல்லவா? தெரியாது. இவை அனைத்தையும் ‘மற்றும்’ போட்டுக் கோத்தால், நான்கு மெய்களும் ஒரு தெரியாததும் சேர்ந்து தெரியாது. ஆடம்ஸ் வெளியே. ஸ்மித்தைப் பார்ப்போம்: 1 என்பது 1க்குச் சமமல்ல என்பது பொய், முழுவதும் பொய், அவரும் வெளியே. ஆக, அந்தப் பட்டியலில் ஒரே ஒரு வெற்றுக்குறி இருந்தால், யாரை வைத்துப் பார்த்தாலும் விடை பொய்யாகவோ தெரியாததாகவோதான் இருக்கமுடியும். மெய்யாக ஒருபோதும் இருக்காது. ஐந்து வழங்குநர்கள் என்றாலும் ஐந்து கோடி என்றாலும் விடைப்பட்டியல் காலி. பிழைச்செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை. திரையில் பூஜ்ய வரிகள்.

அதே பட்டியலை ‘இன்’ என்று நேராகக் கேட்டால் எந்தச் சேதமும் இல்லை. 1 என்பது 1க்குச் சமம், மெய்; ‘அல்லது’ போட்டுச் சேர்த்த தெரியாததை அந்த மெய் விழுங்கிவிடுகிறது. உடன்பாட்டில் மாதக்கணக்காகச் சரியாக ஓடிய பட்டியல், எதிர்மறைக்கு மாற்றிய அன்றைக்கே மௌனமாகிவிடும். முதலிலிருந்தே எதிர்மறையாக எழுதிய வினவலிலோ பிழையைத் தேடிப் பிடிப்பது இன்னும் கடினம்: வினவல் மாறவில்லை, நேற்றுவரை சரியாக வந்தது, எங்கோ ஒரு மூலையில் யாரோ ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டிருக்கிறார்.

‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ வழியில் இதே தரவு ஆடம்ஸைச் சரியாகக் கொண்டுவந்து நிறுத்துகிறது. உள்ளே நடப்பதைக் கவனியுங்கள். ஆடம்ஸின் எண்ணோடு ஒத்த வரி உண்டா என்று அது 13 வரிகளையும் பார்க்கிறது. 12 வரிகள் பொய். 13ஆவது தெரியாது, வடிகட்டி மெய்யைத்தான் உள்ளே விடும் என்பதால் அதுவும் வெளியேறுகிறது. கையில் ஒரு வரியும் இல்லை. ‘இருக்கிறதா’ என்ற கேள்விக்கு விடை திட்டவட்டமாகப் பொய், அதன் மறுப்பு மெய். இரண்டு வழிக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் வரிசைமுறையில் இருக்கிறது. ஒன்று தெரியாததை முதலில் பொய்யாக்கிவிட்டுப் பிறகு மறுக்கிறது. மற்றொன்று தெரியாததைத் தெரியாததாகவே வைத்து மறுத்துவிட்டு, கடைசியில் தூக்கி எறிகிறது.

எது நியாயம்? இங்கே சற்று நின்று யோசிக்கவேண்டும், ஏனென்றால் ‘நாட் இன்’ முட்டாள்தனமாக நடந்துகொள்ளவில்லை. பெயர் தெரியாத அந்த நட்டுப் பெட்டியை அனுப்பியவர் ஆடம்ஸாகவே இருக்கலாம் அல்லவா? “ஆடம்ஸ் எதையும் அனுப்பவில்லை என்று என்னால் உறுதி கூறமுடியாது” என்கிறது அது. அந்த வாக்குமூலத்தில் பொய் இல்லை. ஆனால் அந்த நேர்மையும் அரைகுறையானது. ஆடம்ஸோடு இன்னொரு சும்மா இருக்கும் வழங்குநரும் இருந்தார் என்று வையுங்கள். காலியான வரி ஒன்றுதான். ஆகவே அந்த இருவரில் ஒருவராவது நிச்சயம் எதையும் அனுப்பவில்லை. மூன்று மதிப்புத் தர்க்கத்துக்கு இது தெரியாது. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்து, தெரியாது, தெரியாது என்று இரண்டு முறை சொல்லி முடித்துக்கொள்ளும். கிறிஸ் டேட் பல பத்தாண்டுகளாக வெற்றுக்குறியையே தரவுத்தளத்திலிருந்து ஒழிக்கவேண்டும் என்று வாதிட்டுவந்ததற்கு இப்படிப்பட்ட இடங்களே காரணம். காட் எதிர்த்திசையில் போனார். 1990இல் வெளிவந்த தன் நூலில், ‘இருக்கிறது, தெரியாது’ என்பதற்கு ஒன்று, ‘இவருக்கு இது பொருந்தாது’ என்பதற்கு ஒன்று என இரண்டு வகை வெற்றுக்குறிகள் வேண்டும் என்றார். காட் பக்கம் எனக்குச் சாய்வு அதிகம் என்றாலும், அன்றாட வேலையில் டேட்டின் எச்சரிக்கையே உயிர் காக்கிறது. விலக்கல் வினவலுக்கு ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ எழுதுவதும், காலியாக இருக்கக்கூடாத நிரலைக் காலியாக விடமுடியாதபடி அட்டவணை அமைக்கும்போதே பூட்டிவிடுவதும்தான் நான் யாருக்கும் சொல்லும் வழி.

‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ மட்டும் குற்றமற்றதா? அதற்கு அடியிலும் ஒரு நம்பிக்கை இருக்கிறது: பதிவில் இல்லையென்றால் உலகிலும் இல்லை. 1978இல் வெளியான தர்க்கமும் தரவுத்தளமும் பற்றிய ஒரே தொகுப்பில் இரண்டு கட்டுரைகள் இந்த நம்பிக்கையை நேருக்கு நேர் ஆராய்ந்தன. ரேமண்ட் ரைட்டர் அதற்கு ‘மூடிய உலகக் கொள்கை’ என்று பெயர் வைத்தார். கீத் கிளார்க், நிரூபிக்க முயன்று தோற்பதையே மறுப்பாக எடுத்துக்கொள்வது எப்போது சரி என்று காட்டினார். விமான கால அட்டவணையில் ஒரு விமானம் இல்லையென்றால் அப்படியொரு விமானம் ஓடவில்லை என்று தயங்காமல் சொல்கிறோம். அட்டவணை முழுமையானது என்பது அங்கே நிச்சயம். ஒருவருடைய மருத்துவப் பதிவில் ஒவ்வாமை எதுவும் எழுதப்படவில்லை என்பதை வைத்து அப்படிச் சொல்ல மருத்துவர் துணியமாட்டார்.

இந்தக் கேள்வி இந்தியத் தத்துவத்துக்குப் பழக்கமானது. இல்லாமையை எப்படி அறிகிறோம் என்பதே ஒரு தனி அளவையாக வைத்து விவாதிக்கப்பட்டிருக்கிறது. மணிமேகலையில் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் அளவைவாதி அடுக்கும் அளவைகளிலும் அபாவம் இடம்பெறுகிறது. குமாரிலரின் பாட்ட மீமாம்சை மரபினர் அதற்கு ஒரு கறாரான நிபந்தனை வைத்தார்கள். தரையில் பானை தெரியவில்லை என்பது மட்டும் பானை இல்லை என்பதற்குப் போதாது. பானை இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும் என்ற சூழல் வேண்டும்: வெளிச்சம் இருக்கவேண்டும், பார்வை மறையக்கூடாது. இருட்டில் தெரியாத பானையைப் பற்றி எதுவும் சொல்லமுடியாது. ரைட்டர் தன் கொள்கைக்கு வைத்த எல்லையும் சாரத்தில் இதுவே. ஒரு ‘இல்லை’ வினவலை எழுதுமுன் கேட்கவேண்டிய கேள்வியை இதைவிடத் துல்லியமாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை: நிகழ்ந்திருந்தால் இந்த அட்டவணைக்குள் அது வந்திருக்குமா?

கணினி இந்தக் கழித்தலை உள்ளே எப்படிச் செய்கிறது என்பதும் பார்க்கத் தகுந்தது. ஐந்து பேருக்கும் தலா 12 வரிகளைத் துழாவினால் 60 ஒப்பீடு, பரவாயில்லை. பத்து லட்சம் வாடிக்கையாளருக்குத் தலா ஒரு கோடி வரிகள் என்றால் அது நடக்காது. ஆகவே அனுப்புகைப் பதிவை ஒரே ஒருமுறை படித்து, எண்களைச் சிதறல் அட்டவணை ஒன்றில் அதனதன் பெட்டியில் போட்டுவைக்கிறது. பிறகு ஒவ்வொரு வழங்குநரும் தன் பெட்டியை மட்டும் திறந்து பார்த்தால் போதும். எண் கிடைத்த கணமே அவர் நீக்கப்படுகிறார். பெட்டியில் கிடைக்காதவர் விடைக்குப் போகிறார். இதற்கு எதிர் இணைப்பு என்று பெயர். போஸ்ட்கிரெஸ்கியூஎல் 2009இல் வெளியான 8.4 பதிப்பில் இதைத் தனிச் செயலாகவே சேர்த்துக்கொண்டது. மைஎஸ்கியூஎல் 2019இல், 8.0.17 பதிப்பில். ‘நாட் இன்’ இங்கேயும் தொல்லை கொடுத்தது. பெட்டியில் கிடைக்கவில்லை என்பது அதற்குப் போதாதே. எங்காவது ஒரு வெற்றுக்குறி கிடக்கிறதா என்றும் பார்த்தாகவேண்டும். ஆரக்கிள் தன் 11ஜி பதிப்பில், வெற்றுக்குறியைக் கவனித்து நடக்கும் தனி எதிர் இணைப்பு ஒன்றை எழுதவேண்டியதாயிற்று.

தரவுக்கு வரிசைப்படுத்தப்பட்ட சுட்டி ஒன்று இருந்தால் இன்னொரு அழகு. முறையாக அடுக்கிய எண்களில் 4க்கு அடுத்து 6 வந்தால், 5 இல்லை என்று அந்த இரண்டு அண்டைவீட்டுக்காரர்களே சாட்சி சொல்கிறார்கள். முழுப்பட்டியலையும் படிக்கவேண்டியதில்லை. இணையப் பெயர்களைக் காக்கும் டிஎன்எஸ்செக் முறையில் இதையே பாதுகாப்புக் கருவியாக்கினார்கள். இல்லாத ஒரு பெயரைக் கேட்டால், “அகரவரிசையில் இந்தப் பெயருக்கு அடுத்தது இந்தப் பெயர், நடுவில் எதுவும் இல்லை” என்று கையொப்பமிட்ட சான்று வரும். கூடவே ஒரு விலையும் இருந்தது: இல்லாத பெயர்களாகக் கேட்டுக் கேட்டே, இருக்கும் பெயர்கள் அனைத்தையும் ஒருவர் வரிசையாகக் கறந்துவிடலாம். 2008இல் பெயர்களைச் சிதறல் எண்களாக மாற்றி அடுக்கும் முறை வந்து அதைக் கடினமாக்கியது.

காட்டின் கட்டுரை வெளியான 1970 ஜூன் இதழுக்கு அடுத்த ஜூலை இதழில், அதே பத்திரிகையில், பர்ட்டன் ப்ளூம் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். அவர் தந்த சல்லடை மிகக் குறைந்த நினைவகத்தில் ஒரு கணத்தின் சாயலை வைத்துக்கொள்கிறது. அது ‘இருக்கிறது’ என்றால் தவறாக இருக்கலாம். ‘இல்லை’ என்றால் சத்தியம். எஸ்கியூஎல் உலகில் இவ்வளவு தடுமாறும் ‘இல்லை’ இங்கே அசைக்கமுடியாததாக நிற்பதைப் பார்க்க எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷம். இன்றைய தரவுத்தளங்கள் பல, வட்டில் ஒரு கோப்பைத் திறக்குமுன் இந்தச் சல்லடையிடம்தான் கேட்கின்றன.

இனி ஸ்மித்துக்கு வருவோம். எல்லாப் பாகங்களையும் அனுப்புகிறவர் யார்? இதில் எதிர்மறையே இல்லை என்று தோன்றும். எஸ்கியூஎல் மொழியில் ‘எல்லாம்’ என்பதை நேராகச் சொல்ல எளிய வழி இல்லை. ஆகவே இப்படிக் கேட்கவேண்டும்: எந்தப் பாகத்தை எடுத்தாலும் அதை அனுப்பவில்லை என்று சொல்லமுடியாதவர் யார்? ஒரு ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ உள்ளே இன்னொரு ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’. கற்பவர்கள் மிகவும் திணறும் இடம் இது. பொறுமையாக ஒருமுறை கடந்தால் தெரியும்: ‘அனுப்பாத பாகம் ஒன்றுகூட இல்லை’ என்று நாம் தமிழில் பேசுவதுதான் அது, இரண்டு எதிர்மறையும் அதே இடத்தில்.

‘இல்லை’ என்பதற்கு முழுப்பட்டியல் வேண்டும் என்ற கட்டாயம், தரவு ஒரே கணினியில் இருக்கும்வரை நேரத்தை மட்டும்தான் கேட்கிறது. பல கண்டங்களில் பரவிய ஆயிரம் கணினிகளில் தரவு கிடக்கும்போது வேறொன்றையும் கேட்கிறது. போல்ட்டு அனுப்பியவரைத் தேடும் கணினி, ஒரு வரி கண்டதும் விடையைச் சொல்லிவிடலாம். மற்றவர்களிடமிருந்து பிறகு என்ன வந்தாலும் அந்த விடை பொய்யாகாது. அனுப்பாதவரைத் தேடும் கணினி, ஒவ்வொரு கணினியும் தன்னிடம் உள்ளதை முழுக்க அனுப்பிவிட்டேன் என்று சொல்லும்வரை வாய் திறக்கமுடியாது. பெர்க்லியின் ஜோசஃப் ஹெல்லர்ஸ்டைன் 2010இல் இதை ஓர் ஊகமாக முன்வைத்தார்: வளர மட்டுமே செய்யும் கேள்விகளுக்கு, அவற்றுக்கு மட்டுமே, கணினிகள் ஒன்றுக்கொன்று காத்திருக்காமல் ஒத்த விடைக்கு வரமுடியும். அடுத்த ஆண்டே பெல்ஜிய ஆய்வாளர்கள் அதைத் தேற்றமாக நிரூபித்தார்கள். கழித்தலுக்கு நாம் பார்த்த அந்தத் தலைகீழ்க் குணம்தான் காத்திருப்பின் காரணம் என்று இப்போது உறுதியாயிற்று.

அமேசான் 2007இல் தன் டைனமோ தரவுத்தளத்தை விவரித்தபோது, வாடிக்கையாளர் கூடையிலிருந்து எடுத்துவிட்ட பொருள் சில நேரம் திரும்பவும் கூடையில் முளைக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்டிருந்தது. கணினிகள் தொடர்பிழந்து மீண்டும் சேரும்போது, சேர்ப்புகள் தங்கும், நீக்கங்கள் தொலையும். ஹெல்லர்ஸ்டைனும் சகாக்களும் இதற்குக் காட்டும் வழி: எதையும் அழிக்காதீர்கள். சேர்த்த பொருள்களுக்கு ஒரு பட்டியல், நீக்கிய பொருள்களுக்கு இன்னொரு பட்டியல். நீக்கமும் ஒரு புதிய வரியாகவே எழுதப்படுவதால் இரண்டு பட்டியல்களும் வளர மட்டுமே செய்யும், எந்தக் கணினியும் எதற்காகவும் காத்திருக்கவேண்டாம். முதல் பட்டியலிலிருந்து இரண்டாவதைக் கழிக்கும் வேலை ஒரே ஒரு முறை, வாடிக்கையாளர் பணம் செலுத்தப் போகும் நொடியில் நடந்தால் போதும். கணினிகள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு காத்திருக்கவேண்டியதும் அந்த நொடியில் மட்டும்.